உடலுக்கு எது மேல், எது கீழ்?

மல்லாந்து படுத்திருப்பவருக்கு வயிறு மேலே, முதுகு கீழே. அவரே குப்புறப் புரண்டால் முதுகு மேலே வந்துவிடுகிறது. ஒருக்களித்தால் விலாப்பக்கம் மேலே. அறுவை அரங்கில் நோயாளியை வேலைக்குத் தக்கபடிதான் கிடத்துவார்கள்: முதுகுத்தண்டு என்றால் குப்புற, சிறுநீரகம் என்றால் பல சமயம் ஒருக்களித்து, மூலம் என்றால் இரண்டு காலையும் தூக்கிவைத்து. சுற்றி நிற்கும் ஐந்தாறு பேரும் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து 'மேலே', 'கீழே', 'அந்தப் பக்கம்' என்று பேசத் தொடங்கினால் கத்தி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உடற்கூறியல் இந்தக் குழப்பத்தை ஒரே ஓர் உடன்பாட்டால் தீர்த்துவைத்திருக்கிறது. ஆள் எப்படிக் கிடந்தாலும் சரி, அவர் எழுந்து நிற்பதாக மனத்தில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். நிமிர்ந்த உடல், நேர் முன்னே பார்க்கும் முகம், சேர்ந்த பாதங்கள், முன்னோக்கிய கால்விரல்கள், பக்கவாட்டில் தொங்கும் கைகள், முன்பக்கம் திரும்பிய உள்ளங்கைகள். இதற்கு உடற்கூற்று நிலை என்று பெயர். மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறியலின் தொடக்கப் பாடம் இதுதான். இந்த நிலையில் தலைப்பக்கம் மேல், பாதப்பக்கம் கீழ். படுத்தாலும், தலைகீழாகத் தொங்கினாலும், பிணமேசையில் கிடந்தாலும் மூக்கு வாய்க்கு மேலேதான்.

இதில் உள்ளங்கை விஷயம் மட்டும் பலருக்கு உறுத்தும். சும்மா நிற்கும்போது நம் உள்ளங்கை தொடையைப் பார்த்துத்தான் இருக்கிறது. வலிந்து அதை முன்னால் திருப்புவானேன்? விடை முன்கைக்குள் இருக்கிறது. முன்கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கை கூரையைப் பார்க்கும்படி வையுங்கள். மறுகை விரலால் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் தட்டுப்படும் எலும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். அதுதான் ஆர எலும்பின் கீழ்முனை. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. இப்போதைக்கு இரண்டும் அருகருகே, குறுக்கிடாமல் ஓடுகின்றன. விரலை எடுக்காமல் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். முழங்கையில் அல்னா கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். ஆர எலும்பின் கீழ்முனையோ உங்கள் விரலையும் இழுத்துக்கொண்டு அல்னாவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். கவிழ்ந்த கையில் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கின்றன. எலும்புகளும் நரம்புகளும் பின்னிக்கொள்ளாமல் வரிசையாக நிற்பது உள்ளங்கை முன்னால் பார்க்கும்போது மட்டுமே. அளவெடுக்க அந்த நிலையே ஏற்றது என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவு.

அடுத்து வேண்டியது ஒரு நடுக்கோடு. இரு புருவங்களுக்கு இடையில் தொடங்கி, மூக்கு நுனி, தொப்புள் வழியாக உடலைச் சரிபாதியாக்கும் கோடு. அதற்கு நெருக்கமான பக்கத்தை மருத்துவர்கள் மீடியல் என்பார்கள். விலகிய பக்கத்தை லேட்டரல் என்பார்கள். கண்ணுக்கு மீடியல் மூக்கு, லேட்டரல் காது. கையில் கட்டைவிரல் லேட்டரல், சுண்டுவிரல் மீடியல். காலுக்கு வந்தால் தலைகீழ்: பெருவிரல் மீடியல், சிறுவிரல் லேட்டரல்.

கைக்கும் காலுக்கும் ஏன் இப்படி எதிரெதிராக அமைந்தது? அம்மாவின் வயிற்றில் கை கால் முளைவிடும்போது கட்டைவிரலும் பெருவிரலும் ஒரே பக்கம்தான், தலையை நோக்கித்தான் இருக்கின்றன. கருவின் ஆறாவது வாரம் முதல் எட்டாவது வாரத்துக்குள் கை வெளிப்பக்கமாகச் சுமார் 90 பாகை திரும்புகிறது. கால் அதே அளவு உட்பக்கமாகத் திரும்புகிறது. முழங்கை பின்னோக்கி மடங்காமல் முன்னோக்கி மடங்குவதும், முழங்கால் அதற்கு மாறாகப் பின்னோக்கி மடங்குவதும் இந்தத் திருப்பத்தின் விளைவு. பாதத்தின் மேற்பரப்பைப் 'புறம்' (டார்சல்) என்கிற வழக்கம் விசித்திரமாகத் தோன்றும். கையின் புறங்கைக்கு இணையான பரப்பு அதுதான் என்று தெரிந்தால் விசித்திரம் போய்விடும்.

கை கால்களில் மேல் கீழ் என்பதைவிட ப்ராக்ஸிமல், டிஸ்டல் என்கிற இணைதான் அதிகம் புழங்குகிறது. தமிழ்ப் பாடநூல்களில் அண்மை, சேய்மை. உடலோடு ஒட்டும் வேருக்கு அருகில் இருப்பது அண்மை. விரல் நுனியை நோக்கி விலகுவது சேய்மை. முழங்கை தோளுக்குச் சேய்மை, மணிக்கட்டுக்கு அண்மை. இது வெறும் பெயர் சூட்டல் அல்ல. நீண்ட நாள் சர்க்கரை நோயில் நரம்புகள் கெடும்போது மரமரப்பு முதலில் கால்விரல் நுனியில் தொடங்குகிறது, பிறகு பாதம், கணுக்கால் என்று ஏறுகிறது. உடலிலேயே மிக நீளமான நரம்பிழைகளின் கடைசி முனைதான் முதலில் அடிவாங்கும். "மரத்துப்போவது சேய்மையிலிருந்து அண்மை நோக்கி வருகிறது" என்று ஒரு மருத்துவர் எழுதினால், காரணம் பாதி சொல்லப்பட்டுவிட்டது என்று அடுத்த மருத்துவருக்குப் புரியும்.

ஊசி போடும் இடமும் இப்படித் திசைச் சொல்லில்தான் வரையறுக்கப்படுகிறது. பிட்டத்தை மேல்–கீழ், உள்–வெளி என்று நான்காகப் பிரித்துக்கொண்டு, மேல் வெளிக் கால்பங்கில் மட்டுமே ஊசி இறங்க வேண்டும் என்று செவிலியர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். கீழ் உள்பக்கம் சையாட்டிக் நரம்பு ஓடுகிறது. உடலின் ஆகத் தடித்த நரம்பு அது. ஊசி அதில் பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். நான்கு கட்டத்தில் ஒரு கட்டம் தவறினால் ஒரு குழந்தை காலை இழுத்து நடக்க நேரலாம். பயிற்சி இல்லாதவர்களிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

வலம், இடம் என்பதில்தான் நடைமுறைச் சிக்கல் அதிகம். எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடப்பக்கம் இருக்கிறது. உடற்கூறியலின் விதியில் விட்டுக்கொடுப்பே இல்லை: வலமும் இடமும் எப்போதும் உடலுக்கு உரியவருடையது, பார்ப்பவருடையது அல்ல. சி.டி. ஸ்கேன் படத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். குறுக்குவெட்டுப் படங்கள் நோயாளியின் கால்மாட்டில் நின்று தலைமாட்டை நோக்குவது போல அச்சிடப்படுகின்றன. ஆகவே நமது வலப்பக்கம் இருக்கிற கல்லீரல், படத்தில் இடக்கைப் பக்கம் பெரிதாகத் தெரியும். காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. கருவி 1971இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அதன்பிறகு உடலைத் துண்டு துண்டாகப் பார்ப்பது அன்றாட வேலையாகிவிட்டது. எந்தத் துண்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதில் உலகம் முழுக்க ஒரே பழக்கம் இல்லாவிட்டால் அந்தப் படங்களால் பயன் இருந்திருக்காது.

இத்தனை விதி இருந்தும் பக்கம் மாறி அறுவை செய்யும் பிழை நடக்கிறது. இடது முழங்காலுக்குப் பதில் வலது, கெட்ட சிறுநீரகத்துக்குப் பதில் நல்ல சிறுநீரகம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது இதற்காகவும்தான். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே, நோயாளி தன் பெயரையும் அறுவை நடக்க வேண்டிய இடத்தையும் தன் வாயால் உறுதி செய்தாரா, அந்த இடத்தில் குறி போடப்பட்டதா என்று அந்தப் பட்டியல் கேட்கிறது.

எலும்புக்கு வருவோம். பெரியவர்களுக்கு எலும்பு 206 என்பது பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ஓர் எலும்பைக் கையில் கொடுத்தால் அதில் என்ன பார்ப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. எண்ணிக்கை ஒரு தகவல். எலும்பின் முகமோ ஒரு வாழ்க்கைக் குறிப்பு. அதன் மேடு, பள்ளம், துளை எதுவும் காரணமில்லாமல் உண்டானதல்ல. பெரும்பாலான மேடுகள் தசையோ தசைநாரோ பற்றி இழுக்கும் இடங்கள். துளைகள் நரம்பும் ரத்தக்குழாயும் நுழைந்து வெளியேறும் வாசல்கள். வழவழவென்று இருக்கும் பரப்பு இன்னோர் எலும்போடு சேரும் மூட்டு. மற்றப் பெயர்களெல்லாம் இந்த மூன்றின் வகைகள்: உருண்டைமுனை, குமிழ், முகடு, முள், பள்ளம், தவாளிப்பு, துளை, பிளவு என்று நீளும்.

காது மடலுக்குப் பின்னால் விரலை வையுங்கள். கீழ்நோக்கி இறங்கும் ஒரு கெட்டியான குமிழ் தட்டுப்படும். மாஸ்டாய்டு நீட்சி. தலையைப் பக்கவாட்டில் திருப்பும்போது கழுத்தில் கயிறு போலத் திரண்டு நிற்கும் தசை இதில்தான் பற்றியிருக்கிறது. பிறந்த குழந்தைக்கு இந்தக் குமிழ் இல்லை. குழந்தை தலை தூக்கி, கழுத்துத் தசை இழுக்க இழுக்கத்தான் அது வளர்கிறது. அதுவரை முகத்தை அசைக்கும் நரம்பு மண்டையோட்டிலிருந்து வெளிவரும் துளை மறைப்பில்லாமல் தோலுக்கு அருகிலேயே இருக்கும். ஆயுதம் போட்டுப் பிரசவம் பார்க்கும்போது சில குழந்தைகளுக்கு ஒருபக்க முகவாதம் காண்பது இதனால்தான்.

முழங்கையின் உள்பக்கம் துருத்தும் மொளி மேற்கை எலும்பின் மீடியல் எபிகாண்டைல். அதன் பின்னால் உள்ள தவாளிப்பில் அல்னார் நரம்பு கிடக்கிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஏறுவது எலும்பின் வலி அல்ல, அந்த நரம்பின் கூச்சல். மணிக்கட்டில் இன்னொன்று பார்க்கலாம். கட்டைவிரல் பக்க எலும்பு முனையும் சுண்டுவிரல் பக்க எலும்பு முனையும் ஒரே மட்டத்தில் இல்லை. கட்டைவிரல் பக்கத்தது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்த பாட்டிக்கு இரண்டும் ஒரே மட்டத்தில் தட்டுப்பட்டால் ஆர எலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை 1814இல் விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895இல். அவரிடம் இருந்தது கண்ணும் விரலும், எலும்பின் மேடுபள்ளம் பற்றிய துல்லியமான அறிவும் மட்டுமே.

மருத்துவ மாணவர்களின் முதலாண்டு வாய்மொழித் தேர்வான வைவாவில் தொடையெலும்புக்குத் தனி இடம் உண்டு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேசையிலிருந்து எலும்பை எடுத்து நீட்டி, "சைடு சொல்லு" என்பார். மாணவர் அதைக் கையில் வாங்கிச் சரியாகப் பிடிப்பதிலேயே பாதி மதிப்பெண் தெரிந்துவிடும். பந்து போல உருண்ட முனை மேல்முனை. இடுப்புக் குழிக்குள் உட்காருவது அது. இரட்டைப் புடைப்பு உள்ள அகன்ற முனை முழங்காலுக்கு உரியது, ஆகவே கீழே. உருண்டைத் தலை எப்போதும் நடுக்கோட்டை, அதாவது மீடியல் பக்கத்தைப் பார்க்கும். தண்டின் நீளத்துக்கு ஓடும் சொரசொரப்பான முகடு பின்பக்கம். மேல், உள், பின் மூன்றும் தெரிந்துவிட்டால் இந்த எலும்பு வலக்காலினதா இடக்காலினதா என்பதற்கு ஒரே விடைதான் மிஞ்சும். இரண்டு திசைகள் மட்டும் தெரிந்தால் போதாது; மூன்றாவது வேண்டும். இதைக் கையில் எலும்போடு ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குத் திசைச் சொற்கள் பிறகு மறக்காது.

அந்த உருண்டைத் தலைக்குக் கீழே ஒடுங்கிய கழுத்து, தண்டோடு சுமார் 125 பாகை கோணத்தில் சேர்கிறது. சேருமிடத்தில் வெளிப்பக்கம் ஒரு பெரிய புடைப்பு, உள்பக்கம் பின்னால் ஒரு சிறியது. பெரிய ட்ரொகாண்டர், சிறிய ட்ரொகாண்டர். நின்றுகொண்டு இடுப்பின் பக்கவாட்டில் கையை அழுத்தி, காலை உள்ளும் புறமும் திருப்பினால் பெரிய ட்ரொகாண்டர் கைக்கு அடியில் உருளும். வயதானவர்கள் விழுந்து "இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் அந்தக் கழுத்தோ இரு ட்ரொகாண்டர்களுக்கு நடுவிடமோ முறிவதைத்தான். எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் முக்கியமானவை கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவை அறுந்து, தலை உயிரற்றுப் போகலாம். ஆகவே முதியவர்களுக்குப் பல சமயம் செயற்கைத் தலை பொருத்துகிறார்கள். முறிவு இரு ட்ரொகாண்டர்களுக்கு நடுவில் என்றால் அங்கே ரத்த ஓட்டம் தாராளம். கம்பியோ திருகாணியோ வைத்துச் சேர்த்தால் கூடிவிடும். ஒரே தாத்தா, ஒரே தொடை, சில சென்டிமீட்டர் வித்தியாசம், முற்றிலும் வேறு அறுவை.

துளைகளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் முன் பல் மருத்துவர் பல்லுக்குப் பக்கத்தில் மட்டுமல்லாமல், வாயின் பின்கோடியில், தாடையெலும்பின் உள்பக்கமாக ஊசியைச் செலுத்துகிறார். அங்கே எலும்பில் ஒரு துளை உண்டு. கீழ்த்தாடை நரம்பின் ஒரு கிளை அதன் வழியே எலும்புக்குள் நுழைந்து, பற்களின் வேருக்கு அடியில் சுரங்கம் போன்ற ஒரு பாதையில் ஓடி, முன்கடைவாய்ப் பற்களுக்கு அடியில் இன்னொரு துளை வழியாக வெளியே வந்து கீழுதட்டுக்குப் போகிறது. வாசலிலேயே மரக்கவைத்தால் அந்தப் பக்கத்துப் பற்கள் எல்லாம் அடங்கும். "உதடு தடித்த மாதிரி இருக்கிறதா?" என்று மருத்துவர் ஏன் கேட்கிறார் என்பது இப்போது விளங்கும். பாதையின் கடைசி நிறுத்தம் உதடு. அங்கே மரத்துவிட்டால் ஊசி சரியான துளையருகே விழுந்திருக்கிறது.

மண்டையோட்டின் அடியில் இருக்கும் பெருந்துளை மனித வரலாற்றையே திருத்தி எழுத உதவியது. தண்டுவடம் இதன் வழியேதான் மூளையோடு சேர்கிறது. நாலுகால் விலங்குக்கு இந்தத் துளை மண்டையின் பின்பக்கம் இருக்கிறது. நிமிர்ந்து நடக்கும் நமக்கு நேர் அடியில். தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் 1924இல் கிடைத்த ஒரு குழந்தை மண்டையோட்டை ரேமண்ட் டார்ட் என்ற உடற்கூறியலாளர் ஆராய்ந்தார். மூளை குரங்கின் அளவே சிறியது. பெருந்துளையோ குரங்குகளுக்கு இருப்பதைவிட முன்தள்ளி இருந்தது. தலை முதுகுத்தண்டின் உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், ஆகவே இது இருகாலில் நடந்த உயிர் என்று 1925இல் அறிவித்தார். பலரும் பல ஆண்டுகள் ஏற்க மறுத்தார்கள். பின்னால் கிடைத்த புதைபடிவங்கள் அவர் பக்கமே நின்றன. ஒரு கால் எலும்பும் கையில் இல்லாமல், ஒரு துளையின் இடத்தை வைத்து நடையைச் சொன்னார் அவர்.

இந்தச் சொற்கள் இப்போது இருப்பது போல எப்போதும் ஒழுங்காக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு பேராசிரியரும் தத்தம் பெயரை வைத்து, ஏறத்தாழ 50,000 சொற்கள் புழங்கின. ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள். 1895இல் பாஸல் நகரில் கூடிய உடற்கூறியலாளர்கள் அதைச் சுமார் 5,000 ஆகக் குறைத்தார்கள். 1998இல் வெளியான சர்வதேசச் சொற்பட்டியல் அதே வேலையின் தொடர்ச்சி.

தமிழில் இந்த முயற்சி அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கில உடற்கூற்று நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். 1872இல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்' அவற்றில் ஒன்று. நோயாளி பேசும் மொழியில் மருத்துவர் சிந்திக்க வேண்டும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை இன்றும் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

இன்று நம் வீடுகளுக்கு வரும் ஸ்கேன் அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனாலும் "வலது ஆர எலும்பின் டிஸ்டல் முனையில் முறிவு, துண்டு டார்சல் பக்கம் விலகியுள்ளது" என்று எழுதியிருந்தால் அது வலக்கை, மணிக்கட்டுக்கு அருகில், உடைந்த துண்டு புறங்கைப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று இனி உங்களால் படித்துக்கொள்ள முடியும். மருத்துவரிடம் போகும்போது "இந்தப் பக்கமெல்லாம் வலிக்கிறது" என்று கையை விரித்துக் காட்டாதீர்கள். அதிகம் வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டி, வலமா இடமா என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிக்கையில் எழுதியிருக்கும் பக்கமும் உங்களுக்கு நோகும் பக்கமும் ஒன்றுதானா என்று வீட்டிலேயே ஒருமுறை ஒத்துப் பாருங்கள். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ அறுவை என்றால், அரங்குக்குள் கொண்டுபோகும் முன் சரியான பக்கத்தில் பேனாவால் குறி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.